உப்பு இறங்கிய பிறகு சிறுநீரகத்துக்குள் நடப்பது

நான்கு நாள் வயிற்றுப்போக்கு. கூடவே உடம்புவலி என்று மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக் மாத்திரைகள். ஐந்தாம் நாள் நீர் சரியாகப் பிரியவில்லை. மருத்துவமனையில் ரத்தம் பார்த்தால், சிறுநீரகம் வடித்து வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் 5.2. 'கிட்னியில் உப்பு கூடிப்போச்சு' என்று வீட்டில் பேச்சு. ட்ரிப்ஸ், இரண்டு தடவை டயாலிசிஸ், பத்துப் பன்னிரண்டு நாளில் கிரியாட்டினின் 1.3. ஆய்வகத் தாளில் 'இயல்பு: 0.7 – 1.3' என்று அச்சிட்டிருக்கிறது. உப்பு இறங்கிவிட்டது, எல்லாம் சரி என்று வீடு திரும்புகிறார்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து வேறு எதற்கோ ரத்தம் பார்க்கும்போது கிரியாட்டினின் 2.4. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருக்கின்றன. இடையில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை.

சிறுநீரக மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான வரிசை இது. நடுவில் இருக்கும் அந்த ஆண்டுகளில் உள்ளே என்ன நடந்தது என்பதுதான் இங்கே விஷயம். புண் ஆறி முடியவில்லை. ஆற்றும் வேலை நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. கிரியாட்டினின் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சிறுநீரகத்துக்கு இப்படி வரும் திடீர்ப் பாதிப்பிலிருந்து முழுதாகத் தேறுபவர்கள் நிறையப் பேர். ஆனால் யார் தேறினார், யாருக்கு உள்ளே வடு விழுகிறது என்பது வீடு திரும்பும் நாளில் தெரியாது. அதனால்தான் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மருத்துவ உலகமே இதை ஏற்கப் பல காலம் ஆனது. 1941இல், லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்ட காலத்தில், இடிபாடுகளுக்கு அடியில் மணிக்கணக்காகக் கால் நசுங்கிக் கிடந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். முதலில் தேறியதுபோல் தெரிந்து, ஒரு வாரம் போல நீர் பிரியாமல் கிடந்து இறந்தார்கள். இதைப் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து கசிந்த நிறமி, சிறுநீரக நுண்குழாய்களில் பழுப்பு அடைப்பாக உறைந்திருந்தது. 1945இல் நெதர்லாந்தில் வில்லெம் கால்ஃப் தன் டயாலிசிஸ் இயந்திரத்தால் முதன்முதலாக ஒருவரைப் பிழைக்கவைத்தார். அந்தப் பெண்மணிக்கும் இருந்தது திடீர்ச் செயலிழப்புதான். அதன் பிறகு, சில வாரம் டயாலிசிஸில் தாக்குப்பிடித்துவிட்டால் நுண்குழாய்கள் தாமே வளர்ந்து சிறுநீரகம் பழையபடி ஆகிவிடும் என்ற நம்பிக்கை மருத்துவக் கல்வியில் ஊறிப்போனது. பாதி உண்மை. 2012இல் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். திடீர்ப் பாதிப்பு வந்தவர்களுக்கு, வராதவர்களைவிட, பிற்காலத்தில் நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் அபாயம் ஏறத்தாழ 9 மடங்கு. முற்றிய செயலிழப்புக்குப் போகும் அபாயம் ஏறத்தாழ 3 மடங்கு.

எந்த இடம் முதலில் அடிபடுகிறது

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பாகம்: ரத்தத்தை வடிக்கும் முடிச்சு ஒன்று, வடிந்த நீர் ஓடும் நீண்ட நுண்குழாய் ஒன்று. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர், இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ஒரு நாளில் வடிவது 180 லிட்டர். வெளியே வருவது ஒன்றரை லிட்டர். மிச்சம் அத்தனையையும், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலங்களோடு சேர்த்து, ரத்தத்துக்குத் திருப்பி ஏற்றுவது நுண்குழாயின் வேலை. வடிப்பதற்கு ரத்த அழுத்தம் போதும். திருப்பி ஏற்றுவதற்குத்தான் எரிபொருள் வேண்டும்.

அந்த வேலையில் பெரும்பங்கு நுண்குழாயின் முதல் பகுதிக்கு. அங்குள்ள செல்களின் உள்முகத்தில் தூரிகை மயிர் போன்ற விளிம்பு. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக அடுக்கியிருக்கும். இந்தச் செல்கள் சர்க்கரையைவிடக் கொழுப்பையே எரிக்கின்றன. கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். இங்கேதான் சிக்கல். முதல் பகுதியின் கடைசித் துண்டு சிறுநீரகத்தின் உள்மண்டலத்துக்குள் இறங்குகிறது. வெளிமண்டலத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் பாதரசம். உள்மண்டலத்தில் 10 முதல் 20 தான். வேலை அதிகம், மூச்சு குறைவு. ரத்த ஓட்டம் கொஞ்சம் தளர்ந்தாலும் முதலில் சரியும் இடம் இதுதான்.

திடீர்ப் பாதிப்பு என்று எதைச் சொல்கிறோம்? உலக அளவில் 2012 முதல் பின்பற்றும் அளவுகோல் எளிமையானது. 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 மில்லிகிராம் கூடினாலும், 7 நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கு ஆனாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி லிட்டருக்குக் கீழே போனாலும், அது திடீர்ப் பாதிப்பு. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால் ஆறு மணி நேரத்தில் 180 மில்லி. ஒரு தம்ளர்கூட நிறையாது. கிரியாட்டினின் மும்மடங்கானாலோ 4ஐத் தொட்டாலோ டயாலிசிஸ் தேவைப்பட்டாலோ அது மூன்றாம் நிலை. மேலே சொன்னவர் அந்த நிலைக்குப் போய் வந்தவர்.

எது அடித்தது என்பதும் முக்கியம். உடலில் நீர் வற்றி ரத்த ஓட்டம் குறைந்ததோடு நின்று, ஓரிரு நாளில் நீரேற்றிச் சரிசெய்தால் செல்கள் சாவதில்லை. வடுவும் அநேகமாக இல்லை. கடுமையான கிருமித்தொற்று, எலிக்காய்ச்சல், ஜென்டமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள், தசைச் சிதைவு ஆகியவை நுண்குழாய்ச் செல்களை நேராகவே கொல்லும். நட்சத்திரப் பழச் சாற்றையோ கேரளத்தில் இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிச் சாற்றையோ வெறும் வயிற்றில் குவளை குவளையாகக் குடிப்பவர்களுக்கு ஆக்சலேட் படிகங்கள் குழாயை அடைக்கின்றன. 'இயற்கை மருத்துவம்' என்ற பெயரில் வரும் பாதிப்பு இது. கண்ணாடி விரியன் கடியில் சிலருக்கு இன்னும் மோசம்: நுண்குழாய் மட்டுமல்லாமல் வடிமுடிச்சுகளோடு சேர்த்து வெளிமண்டலமே திட்டுத் திட்டாகச் செத்துவிடும். செத்த முடிச்சுகள் திரும்ப வளர்வதில்லை. அங்கே வடு விழுமா என்ற கேள்வியே இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பழுதுபார்ப்பு

எரிபொருள் தீர்ந்ததும் செல்லின் உள்கட்டுமானம் குலைகிறது. தூரிகை விளிம்பு உதிர்கிறது. சோடியத்தை ஒரு பக்கமாக மட்டும் தள்ளவேண்டிய பம்புகள் இடம் மாறி நிற்கின்றன. சில செல்கள் சாகின்றன. சில உயிரோடே பிடி விட்டுக் குழாய்க்குள் விழுகின்றன. விழுந்தவை புரதத்தோடு ஒட்டி அச்சு வார்த்ததுபோல் குழாயை அடைக்கின்றன. சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் சேற்று நிறத்தில் தெரியும் வார்ப்புகள் இவைதான். மேலே அடைப்பு, பக்கச் சுவரில் ஓட்டை. வடிந்த கழிவு அந்த ஓட்டை வழியாக ரத்தத்துக்கே திரும்பிப்போகிறது. கிரியாட்டினின் ஏறுகிறது.

இதற்கு அடுத்து நடப்பது ஆச்சரியமான விஷயம். வயலில் நாற்று செத்த இடத்தில் வேறிடத்து நாற்றைக் கொண்டுவந்து நடுவதுபோல் இங்கே வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. செத்தவற்றுக்குப் பக்கத்தில் பிழைத்து நிற்கும் செல்களே தங்கள் தொழிலை மறந்து, தட்டையாகி, காலி இடத்தில் பரவி, பிளந்து பெருகுகின்றன. இடம் நிறைந்ததும் மறுபடி உயர்ந்து, தூரிகை விளிம்பு முளைத்து, பழைய தொழிலுக்குத் திரும்புகின்றன. பழுது பார்க்கும் நாட்களில் இந்தச் செல்கள் கிம்-1 என்ற புரதத்தை மேலே ஏந்தி, செத்த செல்களின் குப்பையைத் தாமே விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. ஓரிரு வாரத்தில் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். பழைய மருத்துவர்கள் நம்பியது இதைத்தான். அவர்கள் பார்த்தது பொய்யில்லை.

ஆனால் அடி பலமாக இருந்தால், அல்லது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், சில செல்கள் வேலையை நடுவில் நிறுத்திவிடுகின்றன. ஒரு செல் இரண்டாகப் பிளக்க முதலில் தன் மரபுப்பொருளை இரட்டிப்பாக்க வேண்டும். அதைச் சரிபார்க்க வேண்டும். பிறகு பிளக்க வேண்டும். இரட்டித்த பிறகு, பிளப்பதற்கு முன், ஜி2-எம் எனப்படும் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கும் செல்கள்தான் பிரச்சினையின் வேர் என்று 2010இல் எலிகளில் காட்டினார்கள். அவை சாவதும் இல்லை, குழாயின் வேலையைச் செய்வதும் இல்லை. ஆனால் 'இங்கே புண் இருக்கிறது, ஆள் அனுப்பு' என்ற செய்தியை மட்டும் ஓயாமல் அனுப்புகின்றன. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அந்தச் செய்திகளில் முதன்மையானது. சில நாளில் மறையவேண்டிய கிம்-1, இச்செல்களில் மறையாமல் தங்கிவிடுகிறது. கொழுப்பை எரிக்கும் திறனும் திரும்புவதில்லை. எரியாத கொழுப்பு செல்லுக்குள் துளித்துளியாகத் தேங்குகிறது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் படிக்கும் முறைகள் வந்த பிறகு, 2020 வாக்கில், பழுது முடியாத இந்தச் செல்களைத் தனிக் கூட்டமாகவே அடையாளம் காண முடிந்தது.

வடு எப்படி உருவாகிறது

அந்தச் செய்தியைக் கேட்டு வருபவை யார்? நுண்குழாய்களைச் சுற்றி வலைபோல், மிக மெல்லிய ரத்தக்குழாய்களான தந்துகிகள் ஓடுகின்றன. அந்தத் தந்துகிகளை வெளியிலிருந்து கட்டிப்பிடித்து நிற்கும் செல்களுக்குப் பெரிசைட் என்று பெயர். தந்துகி குலையாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. காயச் செய்தி விடாமல் வந்தால் இவை தந்துகியை விட்டு இறங்கி, இடைவெளிக்குள் நகர்ந்து, மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற வேறு வகைச் செல்லாக மாறிக் கொலாஜன் நாரைச் சுரக்கத் தொடங்குகின்றன.

இந்த ஒரே நகர்வில் இரண்டு இழப்பு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒன்று, நார் சேர்கிறது. இன்னொன்று, பிடித்து நின்ற ஆள் போனதால் தந்துகி சுருங்கி மறைகிறது. தந்துகி மறைந்தால் அது ஊட்டிவந்த பக்கத்து நுண்குழாய்க்கு ஆக்சிஜன் குறைகிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் மண்டலம் அது. அங்கே புதிதாகச் செல்கள் அடிபடுகின்றன. அவற்றில் சில மறுபடி பாதியில் மாட்டிக்கொள்கின்றன. அவையும் செய்தி அனுப்புகின்றன. இன்னும் சில பெரிசைட்டுகள் இறங்குகின்றன. வயிற்றுப்போக்கு நின்று மாதங்கள் ஆகியிருக்கும். டைக்ளோஃபெனாக் உடலை விட்டுப் போய் மாதங்கள் ஆகியிருக்கும். சக்கரம் மட்டும் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. பல சிறுநீரகங்களிலும் அப்படியே நின்றுவிடுகிறது. சக்கரம் பிடித்துக்கொண்ட சிறுநீரகத்தில் மட்டும் தழும்பு தானே அடுத்த காயத்தை உண்டாக்குகிறது.

நுண்குழாய்ச் செல்களே உருமாறி நார் சுரக்கும் செல்களாகின்றன என்ற கருத்து ஒரு காலத்தில் பெரிதாக ஓடியது. செல்லுக்கு அடையாளக் குறியிட்டு அது எங்கே போகிறது என்று எலிகளில் பின்தொடர்ந்தபோது அப்படி நேராக மாறுபவை மிகச் சொற்பம், பெரும்பாலானவை பெரிசைட் வழி வருபவை என்று தெரிந்தது. பழைய பாடநூலில் வேறு மாதிரி படித்திருந்தால் குழம்ப வேண்டாம்.

மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்களும் இதில் உண்டு. முதல் சில நாள் அழற்சியை மூட்டுபவை, பிறகு அணைப்பவை. காயச் செய்தி நிற்காவிட்டால் அணைக்க வந்தவையே நார் சேர்க்கத் துணைபோகின்றன.

நல்ல சிறுநீரகத்தைப் பயாப்சி எடுத்து, அதாவது துளித் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்குழாய்கள் ஒன்றோடொன்று முதுகை ஒட்டி நிற்கும்; நடுவில் நூலிழை இடைவெளிதான். மேசன் டிரைக்ரோம் என்ற சாயம் ஏற்றினால் கொலாஜன் நீலமாகத் தெரியும். வடு விழுந்த சிறுநீரகத்தில் குழாய்கள் சூம்பிப்போய், அவற்றுக்கிடையே நீலம் அகலமாக விரிந்திருக்கும். வெளிமண்டலத்தில் எத்தனை விழுக்காடு அப்படி ஆகியிருக்கிறது என்று நோய்க்குறியியல் மருத்துவர் கணித்து எழுதுவார்: 25க்குக் கீழ் லேசானது, 50 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. அறிக்கையில் எல்லோரும் முதலில் பார்ப்பது வடிமுடிச்சைப் பற்றிய வரியை. ஆனால் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது முடிச்சின் நிலையைவிட, குழாய்களுக்கு இடையிலான இந்தச் சேதத்தோடுதான் நெருங்கிப் பொருந்துகிறது. 1968லேயே கண்டறிந்த விஷயம் இது.

கிரியாட்டினின் ஏன் காட்டிக்கொடுப்பதில்லை

கருவில் 36 வாரம் முடிந்த பிறகு மனிதருக்குப் புதிய நெஃப்ரான் உருவாவதில்லை. குழாயில் செல் வளரும், நெஃப்ரான் வளராது. இழந்தவற்றின் வேலையை மிச்சமிருப்பவைதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தும் கொள்கின்றன: பெரிதாகி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, ஒவ்வொன்றும் முன்பைவிட அதிகமாக வடிக்கின்றன. மொத்தக் கணக்கு நன்றாகத் தெரிகிறது. பத்துப் பேர் செய்த வேலையை ஆறு பேர் செய்கிறார்கள், முதலாளிக்குக் கணக்கில் குறை தெரியவில்லை என்பதுபோல.

ஆய்வகத்தின் 'இயல்பு' எல்லையும் ஏமாற்றும். 50 வயது ஆண் ஒருவருக்கு முன்பு கிரியாட்டினின் 0.8 இருந்தது என்று வைப்போம். இப்போது நடைமுறையில் உள்ள 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி அவருடைய வடிப்பு வேகம் நிமிடத்துக்கு 108 மில்லி லிட்டர் அளவில் வரும். 1.1 என்றால் 82. 1.3 என்றால் 67. அந்த 1.3 ஆய்வகத் தாளில் இயல்புக்குள் அடங்குகிறது. ஆனால் ஐந்தில் இரண்டு பங்கு போயிருக்கிறது! ஆகவே கேட்கவேண்டிய கேள்வி 'இயல்புக்குள் இருக்கிறதா' அல்ல, 'நோய்க்கு முன்பு எவ்வளவு இருந்தது' என்பது. பழைய முழு உடல் பரிசோதனை அறிக்கை, அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை, பிரசவக் கால அறிக்கை என்று எதுவாக இருந்தாலும் தேடி எடுப்பது வீண்வேலை இல்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மூன்று வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்து எழுந்தவருக்குத் தசை கரைந்திருக்கும்; கிரியாட்டினின் உற்பத்தியே குறைந்திருக்கும். அவருக்கு 0.9 என்று வந்தால் அது சிறுநீரகம் தேறியதால் வந்த 0.9 ஆக இல்லாமலும் போகலாம். உடம்பு தேறித் தசை வந்ததும் 1.4க்கு ஏறினால் 'திடீரென்று கூடிவிட்டது' என்று பதறுவார்கள். கூடவில்லை, இப்போதுதான் உண்மை தெரிகிறது. இப்படிச் சந்தேகம் இருந்தால் தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. செலவு கொஞ்சம் கூடும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அதுவும் தவறாகக் காட்டும்.

கூடுதலாக உழைக்கும் அந்த ஆறு பேருக்கு என்ன ஆகிறது? உயர்ந்த அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் வடிக்கும் முடிச்சு மெல்லத் தழும்பேறுகிறது. அதற்கு முன்பே ஆல்புமின் புரதம் கசியத் தொடங்கும். கசியும் புரதத்தைத் திருப்பி ஏற்றக் கீழே உள்ள நுண்குழாய் மேலும் திணறுகிறது. பெரிசைட் சக்கரம் முதல் எஞ்சின் என்றால் இது இரண்டாவது. முதலாவது ஓய்ந்த பிறகும் இது தனியாக ஓடும். நல்ல வேளையாக, இதை வெளியிலிருந்து பார்க்கவும் முடியும், தணிக்கவும் முடியும்.

யாருக்கு வடு விழும்? ஏற்கெனவே நெஃப்ரான் குறைவாக உள்ளவர்கள் முதலில்: வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், முன்பே கிரியாட்டினின் கூடியவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள். அடுத்து, பாதிப்பு எவ்வளவு கடுமை, எத்தனை நாள் நீடித்தது. எல்லாவற்றையும்விட நாம் குறைத்து மதிப்பிடுவது திரும்பத் திரும்ப விழும் சின்ன அடிகளை. எல் சால்வடோர், நிகராகுவா கரும்புத் தோட்டங்களில் வெயிலில் வெட்டும் இளம் ஆண்களிடம், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமலே, 2000களின் தொடக்கத்திலிருந்து முற்றிய சிறுநீரக நோய் பெருமளவில் பதிவானது. அறுவடைப் பருவம் முழுக்க வெப்பம், நீரிழப்பு, தசை உழைப்பு என்று ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னப் பாதிப்பு குவிவதுதான் காரணம் என்பது வலுவான கருத்து. நிழல், ஓய்வு, நீர் மூன்றையும் வேலைநேரத்துக்குள் கொண்டுவந்து தடுக்கப் பார்க்கிறார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம் பக்கத்து விவசாயிகளிடம் காணும் நோயிலும் பயாப்சியில் தெரிவது இதே குழாயிடை வடுதான். அதன் காரணம் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்பத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சேர்த்து அளந்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இப்படிப் பாதிக்கப்படுபவர்களில் பலர் திடீர்ப் பாதிப்பு என்று மருத்துவமனையில் படுத்ததில்லை. வடு மட்டும் விழுந்திருக்கிறது.

முதல் 90 நாள்

7 நாளுக்குள் நடப்பது திடீர்ப் பாதிப்பு. 90 நாளைத் தாண்டினால் நாள்பட்ட நோய். நடுவிலுள்ள காலத்துக்கு இப்போது தனிப் பெயரே வைத்து, அதை ஒரு வாய்ப்புக் காலமாகப் பார்க்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலான நோயாளிகள் கைவிடப்படும் காலமும் இதுதான். பிரச்சினையைக் கவனித்த மருத்துவமனை முடிந்தது என்று அனுப்பிவிடும். குடும்ப மருத்துவருக்கு நடந்ததே தெரியாது.

கிரியாட்டினின் முழுதாக இறங்காமல் வீடு திரும்பினாலோ டயாலிசிஸ் நடந்திருந்தாலோ ஓரிரு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் எல்லோரும் பார்க்க வேண்டும், இயல்புக்கு இறங்கியவர்கள் உட்பட. அன்று பார்க்கவேண்டியவை மூன்று: கிரியாட்டினின், ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின். கடைசியதை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. காலை முதல் சிறுநீரைக் கொடுத்து 'ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம்' என்று கேட்டுச் செய்ய வேண்டும். 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை கவனம். 300க்கு மேல் கட்டாயம் சிறுநீரக மருத்துவர். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடும் உழைப்புக்கு மறுநாள் ஆகிய சமயங்களில் எடுத்தால் பொய்யாகக் கூடிக் காட்டும். திடீர்ப் பாதிப்புக்கு மூன்று மாதம் கழித்து இந்தப் புரதக் கசிவு எவ்வளவு இருக்கிறது என்பது, பின்னால் யாருக்கு மோசமாகும் என்பதைச் சொல்லும் நல்ல குறி. ஸ்கேனில் சிறுநீரக நீளம் பெரியவர்களுக்கு 9 முதல் 12 சென்டிமீட்டர். சுருங்கியது தெரியும்போது வடு ஏற்கெனவே பழையதாகியிருக்கும். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் மற்ற மூன்றையும் விட்டுவிடக் கூடாது.

திடீர்ப் பாதிப்பு நாள்பட்ட வடுவாக மாறுவதைத் தடுக்கும் தனி மருந்து இன்று இல்லை. 'கிட்னியைச் சுத்தம் செய்யும்' கஷாயமும் இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் கொலாஜன் கரையாது. இருப்பவை இரண்டாவது எஞ்சினைத் தணிப்பவை. ரத்த அழுத்தம் 130/80க்குள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. புரதக் கசிவு இருந்தால் ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை ரத்த அழுத்த மருந்துகள் முடிச்சின் உள்ளழுத்தத்தைக் குறைக்கும். மருத்துவமனையில் நிறுத்திய இந்த மருந்தை மறுபடி தொடங்க யாரும் நினைவு வைப்பதில்லை. மூன்றாம் மாதம் நாமே கேட்டுவிட வேண்டும். தொடங்கி ஓரிரு வாரத்தில் ரத்தம் பார்த்தால் கிரியாட்டினின் சற்று ஏறியிருக்கும். 30 விழுக்காடு வரை ஏறுவது அழுத்தம் குறைந்ததன் அடையாளம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் அதிகம். சர்க்கரை நோய்க்காக வந்த டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மருந்துகள் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் நாள்பட்ட சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைக்கின்றன என்பது 2020, 2022ஆம் ஆண்டுப் பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது அடி விழாமல் பார்ப்பது இதற்குச் சமமான வேலை. சர்க்கரை நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது, ஒவ்வொரு புதிய திடீர்ப் பாதிப்பும் கடுமையான (நான்காம் நிலை) நாள்பட்ட சிறுநீரக நோயின் அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக், நிமிசுலைடு: மாத்திரையாகவோ இடுப்பில் போடும் ஊசியாகவோ இனி வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால், சொன்ன அளவில். மருந்துக்கடையில் அட்டையைக் கிழித்துக் கலந்து கொடுக்கும் 'வலி மாத்திரை செட்டில்' என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் அந்த ஓரிரு நாள் சில வழக்கமான மருந்துகளை நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம்: ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை, ஃப்ரூசமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் வகை. நன்றாக இருக்கும்போது சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளே உடலில் நீர் வற்றும்போது வடிப்பழுத்தத்தை மேலும் கீழே தள்ளும், அல்லது உடலில் தேங்கிக் கெடுதல் செய்யும் என்பதால். எதை, எத்தனை நாள் என்று நோய் வருமுன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைப்பது நல்லது. வாந்தி எடுக்கும் இரவில் யாரையும் பிடிக்க முடியாது. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு நீரில், பெரிய பொட்டலம் என்றால் முழு ஒரு லிட்டரில், கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கெட்டியாகக் கரைப்பது தவறு. கிரியாட்டினின் இன்னும் முழுதாக இறங்காதவர்கள் நீரிழப்புக்கு இளநீரை நம்ப வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம்.

கடைசியாக ஒரு தாள். நோய்க்கு முந்தைய கிரியாட்டினின், உச்சத்தில் போன அளவு, வீடு திரும்பிய நாளின் அளவு, மூன்றாம் மாத அளவும் ஆல்புமின் விகிதமும், டயாலிசிஸ் நடந்த தடவைகள், காரணம் என்று சொன்னது, அந்த ஆண்டு. ஏழு வரி. சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனுக்கு முன், ஆஞ்சியோவுக்கு முன், எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன் அதை நீட்ட வேண்டும். பல் மருத்துவரிடமும்தான், வலி மாத்திரை எழுதிக்கொடுப்பவர்களில் அவரும் ஒருவர்.